பட்டறிவும் பொதுச்சொத்தே!

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் நாட்டுப் பாட்டிமார் வாய்மொழி. அனுபவம் என்னும் வடசொல்லுக்கு ஈடாக நாம் வழங்கும் தமிழ்ச்சொல் பட்டறிவு. அச்சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள், தோழர்களே! பட்டு வந்த அறிவு, பட்டறிவு. படுதல் முதலில் நிற்கிறது. அறிவு பின்னே வருகிறது. இரண்டுக்குமிடையே ஒரு தொலைவு உண்டு. பட்டவர் எல்லோரும் அத்தொலைவைக் கடந்துவிடுவதில்லை. கடந்தவர், தாம் பெற்ற அறிவை என் செய்வது? நெஞ்சில் பூட்டி வைப்பதா? கெட்ட கனவென்று மறந்துவிடுவதா? அதே பள்ளத்தில் வீழ்ந்து கிடக்கும் இன்னொருவருக்குக் கைவிளக்காக்குவதா? அவ்வாறு ஆக்கும்படி அவரைக் கேட்க நமக்கு உரிமைதான் உண்டா? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

பழைய சமுதாயம் இக்கேள்விக்கு மூன்று விடைகளை ஆயத்தமாக வைத்திருந்தது.

முதல் விடை, விதி. துன்பம் முன்வினையின் பயன். பட்டுத் தீர்க்க வேண்டியது. அதில் ஆராய ஒன்றுமில்லை என்றனர். நாம் வாழும் சென்னிமலையில், குன்றின்மேல் உள்ள கோயிலுக்கு 1,300க்கும் மேற்பட்ட படிகள். துயருற்றவர் அப்படிகளில் ஏறிச்சென்று முறையிடுகின்றனர். ஏறுபவரை நாம் எள்ளி நகையாடவில்லை. கீழே கேட்பாரற்ற குறையை மேலே சென்று சொல்லப் பார்க்கிறார், பாவம்! நம் வினா, கீழே இருப்போரை நோக்கியது. தன் நோவைச் சொல்லிக்கொள்ள ஒரு மனிதன் இத்துணைப் படிகள் ஏற வேண்டியிருப்பது ஏன்? அடிவாரத்தில், அண்டை வீட்டில், அடுத்த தறிக்குழியில், அவனுக்கு ஒரு செவி கிடைக்காமற் போனது ஏன்?

இரண்டாம் விடை, மறைப்பு. "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் என்னாவது?" என்று கேட்டு வாயை மூடினர். அடித்தவனுக்கு மானம் போகவில்லை, அடிபட்டவளுக்குப் போயிற்றாம்! ஏமாற்றியவன் தலை நிமிர்ந்து நடந்தான். ஏமாந்தவள் முகம் மறைத்து நடந்தாள்.

மூன்றாம் விடை, போற்றி. துன்புற்றவரைத் தூக்கிப் பீடத்தில் வைத்தனர். "நெருப்பில் இட்ட பொன்" என்று புகழ்ந்தனர். மனிதன் பொன் அல்லன், தோழர்களே! நெருப்பில் இட்டால் வெந்து போவான். துன்பம் தானாகவே எவரையும் உயர்த்திவிடுவதில்லை. பலரை அது ஒடுக்கியிருக்கிறது. சிலரைக் கொடியவராகவும் ஆக்கியிருக்கிறது. மாமியாரிடம் கொடுமைப்பட்டவள், மருமகள் வந்ததும் தானே கொடுமைக்காரியாவதை நம் தெருக்களில் நாம் பார்த்ததில்லையா? அவளும் பட்டவளே, ஆனால் அறிவு வந்து சேரவில்லை.

மூன்று விடைகளும் முடிவில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. விதி என்றாலும், மறை என்றாலும், போற்றி என்றாலும், பட்டவரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு என்னும் எண்ணமே அங்கு எழவில்லை. நாம் சொல்கிறோம்: பட்டவரிடம் இருப்பது ஒருவகை அறிவு. மருத்துவரின் அறிவைப் போல, வழக்கறிஞரின் அறிவைப் போல, நெசவாளியின் அறிவைப் போல, அதுவும் அறிவே. ஆராயத்தக்கது, சோதிக்கத்தக்கது, பயிற்றத்தக்கது, மதிக்கத்தக்கது.

*

இஃது ஏதோ மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ண வேண்டா. தமிழன் இதற்கு ஓர் இலக்கிய வகையே கண்டான். ஆற்றுப்படை என்பது அதன் பெயர். ஆறு என்றால் வழி. வறுமையில் வாடிய கலைஞன் ஒருவன் வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்புகிறான். எதிரே, தான் முன்பு இருந்தது போலவே பசியோடு வரும் இன்னொரு கலைஞனைக் காண்கிறான். கண்டும் காணாதவன் போல ஒதுங்கிப் போகவில்லை. தான் போன வழி எது, இடையில் எந்தக் காடு, எந்த ஊரில் உணவு கிடைக்கும், எவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் எடுத்துரைத்து அவனை வழிப்படுத்துகிறான். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் ஒன்று மட்டும் கடவுளிடம் ஆற்றுப்படுத்துவது. எஞ்சிய நான்கும் மனிதனை மனிதனிடம் அனுப்புகின்றன. அனுப்புகிறவனும் முன்பு பசித்திருந்தவன். இன்று மனத்துயர் உற்றோர்க்குத் துணைநிற்கும் பணிக்கு 'ஆற்றுப்படுத்துதல்' என்னும் பெயர் வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

*

இலக்கியம் கிடக்கட்டும், வாழ்க்கைக்கு வருவோம். சென்னிமலைக்குக் கிழக்கே நாமக்கல், தென்மேற்கே உடுமலைப்பேட்டை. இந்த இரு திசைகளிலும் கௌசல்யா என்னும் பெயருடைய இருவரின் வாழ்வு, நம் கேள்விக்கு விடை சொல்ல வல்லது.

1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் ஆய்வு மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில், எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அடுத்த பத்தாண்டுகளில், லாரித் தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல் வட்டாரம் நாட்டிலேயே பெரிதும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாயிற்று. ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று ஊர் தீர்ப்பு எழுதியது. கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்களுக்கும் நோய் இருக்கக் கண்டபோதும் அத்தீர்ப்பு திருத்தப்படவில்லை. அறிந்திருந்தால்தான் என்ன? கிருமிக்கு ஒழுக்க நூல் தெரியாது!

அந்த வட்டாரத்தில் பிறந்த பெரியசாமி கௌசல்யாவை, 1995இல் உறவினரான லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மணம் செய்து வைத்தனர். மாப்பிள்ளைக்கு நோய் இருந்தது. மணப்பெண்ணுக்கு அது சொல்லப்படவில்லை. மணமான சில வாரங்களில் அவர் உண்மையை அறிந்தபோது, நோய் அவரையும் பற்றியிருந்தது. ஊர் அவருக்கு வைத்திருந்த வழி, மூலையில் முடங்கிச் சாவுக்குக் காத்திருப்பது. அவர் அவ்வழியில் செல்லவில்லை. தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், "எனக்கு இந்நோய் உண்டு" என்று பொதுவெளியில் கூறிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரானார். 1998இல், தம்மைப் போலவே நோயுற்ற தோழியர் சிலரோடு சேர்ந்து, 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்னும் அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக, எச்.ஐ.வி. உள்ள பெண்களே நடத்தும் அமைப்பு அது.

அப்படிப்பட்ட ஒருத்தி, புதிதாகச் செய்தி கேட்டு இடிந்து போயிருக்கும் இன்னொருத்திக்குச் சொல்லக்கூடியது என்ன? மருத்துவர் கிருமியைப் பற்றிச் சொல்வார். மருந்தின் அளவைச் சொல்வார். தாயிடம் முதலில் சொல்வதா, தங்கையிடம் சொல்வதா? கூட்டுக் குடும்பத்தில் மாத்திரையை எந்த நேரத்தில், எவர் கண்ணில் படாமல் உண்பது? குழந்தையின் பள்ளியில் கேட்டால் என்ன விடை சொல்வது? மாமனார் வீட்டார் சொத்தில் பங்கில்லை என்று துரத்தினால் எந்தக் கதவைத் தட்டுவது? இரவு மூன்று மணிக்கு அச்சம் வந்து நெஞ்சை அழுத்தினால் எப்படி விடியலைச் சேர்வது? இவற்றுக்கெல்லாம் விடை மருத்துவ நூலில் இல்லை. வாழ்ந்தவரிடம் இருக்கிறது. அதைவிட முதன்மையான விடை ஒன்று உண்டு: எதிரே அமர்ந்து பேசும் அவரே அவ்விடை. "இந்நோயோடு ஒருத்தி வாழ்கிறாள், சிரிக்கிறாள், உழைக்கிறாள்" என்னும் காட்சி, ஆயிரம் அறிவுரைக்கு ஒப்பானது.

உலகம் இவ்வுண்மையைப் படிப்படியாக ஏற்றது. 1983இல், அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள், தம்மைப் 'பலியானோர்' என்று அழைக்கலாகாது என்றும், தம்மைப் பற்றி முடிவெடுக்கும் அவைகளில் தமக்கு இடம் வேண்டும் என்றும் அறிக்கை விடுத்தனர். 1994இல், பாரிசில் கூடிய 42 நாடுகள் அக்கொள்கையை ஏற்றுக் கையொப்பமிட்டன. 2004 ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசு மருத்துவமனைகளில் உயிர்காக்கும் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனையும் தொடக்க நிலையங்களுள் ஒன்று. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் நோயாளியை ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்தை அறிவியல் தந்தது. அம்மருந்தும் உரிமையும் எல்லார்க்கும் வேண்டும் என்னும் குரலில் நோயுற்றோர் குரல் முன்னின்றது.

*

இனி, உடுமலைக்கு வருவோம். 2016 மார்ச் 13. பட்டப்பகல். பேருந்து நிலையத்தருகே மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, இளந் தம்பதியர் இருவரை ஒரு கும்பல் வெட்டியது. குமரலிங்கத்தைச் சார்ந்த பொறியியல் மாணவர் சங்கர் உயிரிழந்தார். தலையில் வெட்டுண்ட கௌசல்யா பிழைத்தார். அவருக்கு அகவை 19. இருவரும் செய்த குற்றம், சாதி கடந்து மணந்துகொண்டது!

அவர் தம் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12இல், திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உள்ளிட்ட அறுவர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தாய் உள்ளிட்ட மூவரை விடுதலை செய்தது. 2020 ஜூன் 22இல், சென்னை உயர்நீதிமன்றம் தந்தையையும் விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வழக்கின் ஏற்றத்தாழ்வு இவ்வாறிருக்க, அவர் செய்த வேறொரு செயலே நம் கட்டுரைக்கு உயிரானது.

2018 செப்டம்பர் 14இல், தெலங்கானாவின் மிரியாலகூடா நகரில், பிரணய் என்னும் இளைஞர், கருவுற்றிருந்த தம் மனைவி அம்ருதாவின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே கொடுமை, அதே சாதி வெறி. அடுத்து வந்த நாள்களில், தமிழகத்திலிருந்து கௌசல்யா அங்கே சென்று அம்ருதாவைச் சந்தித்தார். ஒருவர் பேசுவது தமிழ். மற்றவர் பேசுவது தெலுங்கு. அமைச்சர் செல்லலாம், அதிகாரி செல்லலாம், அனுதாபம் சொல்வோர் ஆயிரவர் செல்லலாம். "இதன் பிறகும் நாள்கள் உண்டு; அந்நாள்களில் நான் இருக்கிறேன்" என்பதைத் தம் இருப்பினாலேயே மெய்ப்பிக்க வல்லவர், அன்று அந்த வீட்டுக்கு வந்தவருள் அவரைப் போல் வேறு எவர் இருந்திருக்க முடியும்?

நம் இயக்க வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. பொட்டுக் கட்டும் கொடுமை சூழ்ந்த வாழ்வில் வளர்ந்து, அதை உதறி வெளிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), தாம் தப்பியது போதும் என்று அமைதி அடையவில்லை. தாம் அறிந்த வீடுகளுக்கே திரும்பிச் சென்றார்; அங்கிருந்த பெண்களிடம் வாதாடினார்; 1936இல் அவ்வாழ்வின் உள்ளிருட்டைப் புதினமாகவே எழுதி வெளியிட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மன்றத்தில் தொடங்கிய போர், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. சட்டம் வாயிற்கதவைத் திறந்தது. கதவைத் தாண்டி வெளியே வர அஞ்சியவளின் கையைப் பற்ற, முன்பே தாண்டி வந்த ஒருத்தி தேவைப்பட்டாள்.

*

இவ்வளவும் கூறியபின், பகுத்தறிவாளன் எழுப்பியாக வேண்டிய தடைகள் சில உண்டு. அவற்றை எழுப்பாமல் கைதட்டிவிட்டுப் போனால், பழைய பூசைக்கும் நம் பாராட்டுக்கும் வேறுபாடு இராது.

முதல் தடை: பட்டவர் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. "நான் இப்படித்தான் மீண்டேன், நீயும் இப்படியே செய்" என்பவர், தம் ஒருவரின் கதையை உலக நியதி ஆக்குகிறார். ஒருவருக்கு வீட்டைவிட்டு வெளியேறியது விடுதலை. இன்னொருவருக்கு அதுவே பேரிடராகலாம். எனவேதான் பட்டறிவுக்குப் பயிற்சி வேண்டும். குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சி. தம் கதையை எங்கே நிறுத்துவது என்றறியும் பயிற்சி. இது தம்மால் ஆகாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், காவல்துறையை அழைக்க வேண்டும் என்று உணரும் பயிற்சி. 1935இல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் குடிப்பழக்கத்திலிருந்து ஒருவரையொருவர் மீட்டு, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்புக்கு வித்திட்டனர். அவ்வமைப்பின் பன்னிரண்டு படிகளில் கடவுளின் பெயரும் வருகிறது. அது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், குடியை விட்டவன் குடிப்பவனோடு சமமாக அமர்ந்து, நீதி போதிக்காமல் பேசும் அந்த முறையை நாம் ஏன் விலக்க வேண்டும்? உமியை ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்வதே பகுத்தறிவு.

இரண்டாம் தடை: பட்டவர் பிறர்க்கு உதவியே ஆக வேண்டுமா? அன்று! இதை நாம் அழுத்தந்திருத்தமாகக் கூறுகிறோம். ஒருவர் பட்ட துன்பம் அவர்மேல் ஏற்றப்பட்ட கடன் ஆகாது. மேடைக்கு மேடை அழைத்து, அந்த நாளை மீண்டும் மீண்டும் சொல்லச் செய்து, கேட்போர் கண்ணீர் வடித்துக் கலைந்து செல்வது, ஆறும் புண்ணைக் கிளறும் கொடுமை. பேசாதிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மறந்து வாழவும், மகிழ்ந்து வாழவும் உரிமை உண்டு. 2018 டிசம்பரில் உடுமலை கௌசல்யா கோவையில் மறுமணம் செய்துகொண்டபோது முகஞ்சுளித்தோர் இருந்தனர். சாதி ஒழிப்புப் பேசுவோரிடையேயும் அத்தகையோர் உண்டு எனின், நாம் வெட்கப்பட வேண்டும். கைம்பெண் மறுமணத்தை 1929 செங்கற்பட்டு மாநாட்டிலேயே வலியுறுத்திய இயக்கத்தின் பிள்ளைகள், பட்டவள் என்றென்றும் வெள்ளாடையில் நின்று நமக்கு ஊக்கமூட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதா?

பட்டறிவு பொதுச்சொத்து என்று தலைப்பிட்டோமே, அப்படியானால் கேட்டுப் பெற உரிமை இல்லையா எனலாம். ஊர்க் கிணறு பொதுச்சொத்து. அதைத் தோண்டியவனின் இரத்தம் பொதுச்சொத்தன்று. அவர் விரும்பித் தந்த அறிவைக் காப்பதும், எழுதி வைப்பதும், அடுத்தவர்க்குச் சேர்ப்பதும் நம் எல்லோர் பொறுப்பு. அவரைப் பிழிந்தெடுப்பது எவர் உரிமையும் அன்று.

மூன்றாம் தடை, மிகப் பெரியது: காயப்பட்டவரே காயப்பட்டவரைக் கவனித்துக்கொள்வார் எனில், அரசுக்கு என்ன வேலை? சமுதாயத்துக்கு என்ன வேலை? இவ்வழியில் சோம்பேறித்தனம் நுழைய இடமுண்டு. தோழி ஒருத்தி தோளில் கைவைத்து ஆறுதல் சொல்லலாம். மருந்து வாங்கித் தர அவளால் இயலுமா? கொலைகாரனைப் பிடிக்க இயலுமா? 2016 ஏப்ரலில், சாதி மறுப்பு மணம் செய்வோரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது; 2018 மார்ச் 27இல், சக்தி வாஹினி வழக்கில் உச்சநீதிமன்றமும் அவ்வாறே பணித்தது. அச்சிறப்புப் பிரிவின் தொலைபேசி மணி அடித்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும். அது அரசின் கடமை. ஒத்தோர் தரும் துணை, அந்தக் கடமைக்குப் பக்கத்தில் நிற்பது; அதற்குப் பதிலாக நிற்பதன்று. அத்துணையை ஒருவர் தொழிலாகவே செய்வாரானால், தொண்டு என்று பெயரிட்டு வெறுங்கையோடு அனுப்பாமல், உழைப்புக்குரிய ஊதியம் தருக!

*

இளைஞர்காள்! நம் ஊரில் தறி அறியாதவர் இல்லை. ஒரு பாவு நெய்து முடியும் நேரத்தில், அதை முழுவதும் அறுத்தெறிந்துவிட்டு நெசவாளி புதிதாகத் தொடங்குவதில்லை. பழைய பாவின் நுனி இழைகள் அச்சிலும் விழுதிலும் புகுந்து நிற்கும்போதே, புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறான். வழியை முன்பே கடந்து சென்ற இழை, வழியறியாப் புது இழையைத் தன் பின்னே இழுத்துச் செல்கிறது. ஒன்றோடு ஒன்று, நூறு இழை ஒரே முடிச்சில் சேராது. பட்டவர் பட்டவருக்குத் துணையாவதும் அவ்வாறே. மாநாட்டு மேடையில் நடப்பதில்லை. ஒருவருக்கு ஒருவராக நடப்பது.

ஆகவே, செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. செய்யாதிருக்கக் காரணமும் இல்லை. உங்கள் படிப்பகத்தில் செய்தித்தாள் விரித்த மேசைக்கு அருகே, ஒருவர் அமர்ந்து பேசவும் இன்னொருவர் அமர்ந்து கேட்கவும் ஓர் இடம் ஒதுக்குங்கள். குடியை விட்டவர், காசநோயினின்று மீண்டவர், கணவனின் அடியினின்று தப்பியவர், சாதி மறுத்து மணந்து வாழ்ந்து காட்டியவர் எவரெவர் என்பதை அறிந்து வையுங்கள்; அவருள் விரும்பி முன்வருபவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். எவர் பெயரையும் அவர் ஒப்பாமல் வெளியிடாதீர்கள். மருத்துவமனை எது, சட்ட உதவி எங்கே, காவல்துறையின் சிறப்புப் பிரிவு எது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். துயரோடு வருபவரிடம் சாதி கேட்காதீர்கள், குற்றம் தேடாதீர்கள், "விதி" என்னும் சொல்லை மட்டும் மறந்தும் உச்சரிக்காதீர்கள்.

முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பர். முன் ஏர் கல்லில் இடறிய இடத்தைப் பின் ஏருக்குச் சொல்வதே நன்றி. அந்தக் கல்லையே பெயர்த்தெறிவது நம் கடன். துணை நிற்பது இன்றைய வேலை. துணை தேவைப்படாத நாளைக் கொணர்வது நாளைய வேலை. சாதிக்காக எவளும் வெட்டப்படாத, நோய்க்காக எவளும் ஒதுக்கப்படாத சமுதாயம் அமையும் நாளில், இப்பட்டறிவு ஏட்டில் மட்டும் இருந்தால் போதும். அந்நாள் வரும்வரை, பட்டவர் பேச முன்வந்தால் கேட்கும் செவி நமதாகட்டும்!